மேற்குச் சுவர் ராத்திரியில் ஏன் சுடுகிறது?

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அண்ணன் புது வீடு கட்டி நாலு வருஷம் ஆகிறது. சித்திரை, வைகாசியில் ஊருக்குப் போனால் ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் படுக்கையறையின் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோல இருக்கும். சூரியன் விழுந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும், வெளியே காற்றுகூட ஆறியிருக்கும், சுவர் மட்டும் ஆறாது. அங்கிருந்து இருபது அடி நடந்தால் அப்பத்தா இருந்த பழைய வீடு. அதுவும் அதே மேற்கு வெயிலை வாங்கிய சுவர்தான். அதில் கை வைத்தால் மண்பானையைத் தொட்டதுபோல இருக்கும்.

"பழைய சுவரு ஒன்றரை அடி தடிமன்டா, அதான் வெயில் உள்ளே வரல" என்பார் அண்ணன். அது பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாததால்தான் புது வீட்டுச் சுவருக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது.

சுவர் வெப்பத்தை இரண்டு விதமாகக் கையாளும். ஒன்று தடுப்பது, இன்னொன்று தாமதப்படுத்துவது. மீன்காரர் சைக்கிளில் கட்டி வரும் தெர்மகோல் பெட்டி தடுக்கிற ரகம். கனமே இல்லாத பொருள், உள்ளே முழுக்கச் சின்னச் சின்னக் காற்றறைகள். அசையாமல் அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. கனமான இரும்புத் தோசைக்கல் தாமதப்படுத்துகிற ரகம். அடுப்பைப் பற்றவைத்ததும் சூடாகாது, அணைத்ததும் ஆறாது. வாங்கிய சூட்டை வைத்திருந்து மெதுவாகக் கொடுக்கும்.

செங்கல் சுவர் தோசைக்கல்லின் உறவுக்காரர். வெப்பத்தைத் தடுப்பதில் அது ரொம்பச் சுமார். ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு மீட்டர் தடிமனுக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கும் எத்தனை வாட் கடக்கும் என்பதுதான் வெப்பக் கடத்துதிறன் கணக்கு. செங்கல்லுக்கு அது ஏறக்குறைய 0.7. தெர்மகோலுக்கு 0.035. அதாவது இரண்டு அங்குலத் தெர்மகோல் பலகை தடுக்கிற வெப்பத்தைச் செங்கல்லாலேயே தடுக்கவேண்டும் என்றால் மூன்றடிக்கும் மேல் தடிமனாகச் சுவர் எழுப்பவேண்டும். செட்டிநாட்டிலும் அப்படி யாரும் கட்டவில்லை.

சரி, அப்படியானால் பழைய சுவர் எப்படிக் குளிர்ந்திருக்கிறது? பகலில் ஏறி ராத்திரியில் இறங்கும் வெயிலை ஓர் அலையாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அலை செங்கல்லுக்குள் நுழைந்து நாலரை அங்குலம் போவதற்குள் அதன் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதோடு நாலு மணி நேரம் பின்தங்கியும் விடும். அடுத்த நாலரை அங்குலத்தில் மறுபடி மூன்றில் ஒரு பங்கு, மறுபடி நாலு மணி நேரம். வெளிப்பக்கம் 27 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் இடையே 28 டிகிரி ஏறி இறங்கினால், ஒன்பது அங்குலச் சுவரின் உள்பக்கம் அது நாலு டிகிரியாகத் தெரியும். ஒன்றரை அடிச் சுவரில் அரை டிகிரிதான், கையால் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. சுவருக்குச் சுவர் இது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், போக்கு இதுதான்.

இப்போது அந்தத் தாமதத்தைப் பாருங்கள். மேற்குச் சுவர் உச்சகட்டமாகக் காய்வது மாலை நாலு மணிக்கு. ஒன்பது அங்குலச் சுவரைக் கடக்க ஏழு, எட்டு மணி நேரம் போல ஆகிறது. ஆக, அந்தச் சூடு அறைக்குள் முழுசாக வந்து சேர்வது ராத்திரி பதினொரு மணி வாக்கில். சரியாக நாம் பாயை விரிக்கும் நேரம். இன்று தமிழ்நாட்டில் அதிகமாகக் கட்டப்படும் சுவர் இந்த ஒன்பது அங்குலச் சுவர்தான். மேற்குப் பக்கப் படுக்கையறைக்கு இதைவிடப் பொருந்தாத தடிமனைத் தேடிப் பிடிக்கவே முடியாது! மின்விசிறி வைத்தாலும் முழுசாகத் தீராது. நம் தோல் 33, 34 டிகிரியில் இருக்கும். பக்கத்துச் சுவர் அதைவிடச் சூடாக இருந்தால், உடம்புச் சூடு கதிராக வெளியேறுவதற்குப் பதில் சுவரின் சூடு கதிராக நம்மேல் விழும். காற்று வீசினாலும் அந்தக் கதிர் நிற்காது.

தடிமன் இன்னொரு காரியத்தையும் செய்யாது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஏற்ற இறக்கத்தைத்தான் தடிமன் அழிக்கும், சராசரியை அழிக்காது. நாள் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் வெளிப்பரப்பின் சராசரி 36 டிகிரி என்றால், பூட்டிக்கிடக்கும் வீட்டின் உள்ளேயும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம்தான் போகும். நடுவில் முற்றம் வைத்த வளவு வீட்டைப் பூட்டிப்போட்டுச் சென்னையில் குடியிருப்பவர்கள் கோடையில் வந்து கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் அனல் அதனால்தான். அப்பத்தா இருந்தபோது நிலைமை வேறு. சாயங்காலம் ஆனால் முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் இருக்கும் கதவெல்லாம் திறந்துவிடப்படும். வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் வளவு முற்றம் ராத்திரியில் தன் சூட்டை வானத்துக்கே கதிராக அனுப்பிக் குளிரும், குளிர்ந்த காற்று கீழே இறங்கிப் பட்டாலை என்னும் கூடத்துக்குள் பரவும். பகல் முழுக்க வாங்கியதைச் சுவர்கள் அந்தக் காற்றிடம் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு வெறும் பாத்திரமாகத் தயாராகும். தடிமன் பாதி, இந்தக் கதவு திறக்கும் வேலை மீதி.

அப்புறம் திசை. செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டவை. அப்படியானால் நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், குட்டைச் சுவர்கள்தான் கிழக்கையும் மேற்கையும் பார்க்கும். காரைக்குடி பத்து டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, பிறகு வடபக்கம் சாய்ந்துவிடும். ஆவணி வாக்கில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்பும். மே, ஜூன், ஜூலையில் தெற்குச் சுவரில் நேர் வெயிலே படாது. வடக்குச் சுவரில் படும் வெயிலும் உச்சிப்பொழுதில் செங்குத்தாக வழுக்கிக்கொண்டு போய்விடும். முகத்துக்கு நேரே குத்துவது காலையில் கிழக்குச் சுவரிலும் மாலையில் மேற்குச் சுவரிலும்தான். அந்த இரண்டு பக்கத்தையும் குட்டையாக வைத்து, முன்னால் திண்ணையும் தூண் வரிசையுமாக நிழலும் கொடுத்த கட்டடக்காரர்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அண்ணன் வீட்டுக்கு வருவோம். வெளிக்காற்று 38 டிகிரி. மாலை வெயில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 600 வாட் அடிக்கிறது. அவர் ஆசைப்பட்டு அடித்தது அடர்ந்த செங்காவி நிறம், அது எழுபது சதவீதம் வெயிலைக் குடித்துவிடும். விளைவு, காற்றே 58, 59 டிகிரியில் இருந்தால் சுவர் எந்தப் பாடுபடுமோ அந்தப் பாடு படுகிறது. அதே சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தால் குடிப்பது முப்பது சதவீதத்துக்கும் கீழே, 46, 47 டிகிரிக்குச் சமமான வெயில்தான். நிறத்தை மாற்றுவதாலேயே பத்துப் பன்னிரண்டு டிகிரி போய்விடுகிறது.

பத்தடிக்குப் பன்னிரண்டடிச் சுவர். தாமதத்தை இப்போதைக்கு மறந்துவிட்டு, அறைக்குள் 30 டிகிரி வேண்டும் என்று கணக்குப் போட்டால், செங்காவிச் சுவர் வழியே 600 வாட்டுக்கு மேல் உள்ளே வருகிறது. ஓர் இஸ்திரிப்பெட்டியைப் போட்டுவிட்டு அணைக்க மறந்ததுபோல. வெளிப்பக்கம் இரண்டு அங்குலத் தெர்மகோல் பலகை ஒட்டினால் அது நாலில் ஒரு பங்காகும். மேலே வெள்ளையும் அடித்தால் 100 வாட்டுக்கும் கீழே போய்விடும்.

பலகையை உள்பக்கம் ஒட்டினால் என்ன, வேலை சுலபமாயிற்றே என்று அண்ணன் கேட்டார். இரண்டு இடத்திலும் தடுப்பு ஒன்றுதான், செங்கல் எந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம். உள்ளே ஒட்டினால் செங்கல் வெயிலில் கிடந்து வேகும், அறைக்குள் வெறும் தெர்மகோல் பெட்டி மிஞ்சும். ஏசி போட்டதும் சட்டென்று குளிரும், மின்சாரம் போனதும் சட்டென்று சூடேறும். ராத்திரி மூன்று மணி நேரம் மட்டும் ஏசி போடுகிற அறை என்றால் அதுவும் ஒரு வசதிதான். வெளியே ஒட்டினால் செங்கல் நம்மோடு நிழலில் இருக்கும். ராத்திரி சன்னலைத் திறந்துவைத்தால் குளிர்ந்த காற்றை வாங்கிவைத்து மறுநாள் மதியம் வரை கொடுக்கும். பழைய வீட்டில் தடிமன் பார்த்த வேலையை இங்கே பலகையும் ஒன்பது அங்குலமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ராத்திரியும் சன்னலைச் சாத்தியே வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அடுப்பு, ஆட்கள், ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டாக்கும் சூடு வெளியே போகவும் அந்தப் பலகை விடாது.

ஒட்டும் முறை எளிது, பொறுமை வேண்டும். சுவரில் பொரிந்த பெயிண்டைச் சுரண்டி, பசைக்கலவை பூசிப் பலகைகளைச் செங்கல் வரிசைபோல மூட்டு மாறி மாறி ஒட்டவேண்டும். பிறகு குடைத்தலை வைத்த பிளாஸ்டிக் ஆணிகளால் சுவரோடு பிடிக்கவேண்டும். மேலே மெல்லிய கலவை, அது காய்வதற்குள் கண்ணாடியிழை வலையை அமுக்கி இன்னொரு கைப் பூச்சு, கடைசியில் மழை தாங்கும் வெள்ளைப் பெயிண்ட். வலை இல்லாவிட்டால் பூச்சு ஒரே கோடையில் வெடித்துவிடும். சன்னல் ஓரத்தில் பலகையை உள்மடிப்பு வரை திருப்பவேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓரம் வழியே சூடு சந்து பிடித்து வரும். தரையிலிருந்து ஒரு அடியாவது விட்டுத் தொடங்குவது நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். கரையானும் எறும்பும் தெர்மகோலைத் தின்னாது, குடைந்து கூடு கட்டும், வெளியே தெரியவும் தெரியாது.

தீ விஷயத்தில் சமரசம் கூடாது. தீ பிடித்தால் தானாக அணையும் ரகப் பலகைதான் வாங்கவேண்டும், பூச்சில்லாமல் ஒரு நாளும் விடக்கூடாது. மாடிகள் கூடினால், பாறையை உருக்கி இழையாக்கிய எரியாத ராக்வூல்தான் நல்லது. லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூனில் 72 பேர் இறந்ததற்கு, வெளிச்சுவரில் பதித்திருந்த எரியக்கூடிய தகடுகள் வழியே தீ ஏறியதுதான் முக்கியக் காரணம்.

குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்து உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுபவர்களையும் பார்க்கிறேன். அங்கே ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும், அதை உள்ளேயே நிறுத்துகிறார்கள். இங்கே ஏசி அறையில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். உள்பக்கம் ஷீட் ஒட்டினால் அதன் முதுகில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

இதையெல்லாம் செய்யுமுன் மொட்டை மாடியைப் பாருங்கள். ஒரே தளமுள்ள வீட்டில் கோடையின் பெரும்பங்கு வெப்பம் இறங்குவது அங்கேதான். செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி போட்டு, தட்டை ஓடு பதித்து வெள்ளை அடித்த பிறகுதான் சுவருக்கு வரவேண்டும். வீடுகளுக்காக மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற கட்டட நெறியும் கூரைக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறது. சன்னலும் சேர்ந்த வெளிச்சுவர்கள் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்குச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்பது அதன் வரம்பு. சுவரிலும் முதலில் நிழல். மேற்குச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மூங்கில் தட்டியோ கொடிப் பந்தலோ போட்டால், இடையில் காற்று ஓடி வெயிலின் சூட்டைக் கொண்டுபோய்விடும். அண்ணன் இந்த வருஷம் தட்டியும் வெள்ளையும் மட்டும் செய்திருக்கிறார். பலகை அடுத்த வருஷம்.

பழைய வீட்டுக்கு மட்டும் பலகையே வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அடியில் தரையிலிருந்து ஏறும் ஈரத்தைப் பூச்சின் வழியே மூச்சு விட்டு உலர்த்திக்கொண்டே இருக்கும். சில வருஷம் முன்பு பின்கட்டில் இரண்டு இடம் பெயர்ந்துவிட்டது என்று சிமெண்ட் பூசினார்கள். ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போனது, சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே ஏறி உப்புப் பூத்தது. இப்போது விரலால் தேய்த்தால் நூறு வருஷச் செங்கல் சிவப்பு மாவாக உதிர்கிறது. பங்குனியில் கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, "சிமிட்டியைக் கொத்தி எடுத்துட்டு ஒரு மழைக்காலம் சும்மா விடுங்கண்ணே, ஈரம் இறங்கட்டும்" என்றார். கொத்தி எடுத்தாயிற்று. சுண்ணாம்பு வாங்கித் தொட்டியில் ஊறப்போட்டிருக்கிறோம். தை பிறந்து சுவர் நன்றாக உலர்ந்த பிறகு, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து அவர் பூசுவார்.