நூதனசாலைக்குள் நுழையும் உரிமை: திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு சட்ட விளக்கம்

சில காலத்துக்கு முன் நமது நகரில் ஓர் ஓவியக் கண்காட்சி நடந்தது. மண்டப வாசலில் மூன்று படிகள். சக்கர நாற்காலியில் நடமாடும் எங்கள் அயல்வீட்டு அண்ணர் படியடியில் நின்றுவிட்டார். இரண்டு இளைஞர்கள் ஓடிவந்து அவரை நாற்காலியோடு தூக்க முற்பட்டார்கள். “நான் மூட்டை இல்லைத் தம்பி” என்று சொல்லிவிட்டு வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார். காது கேளாத என் தங்கை உள்ளே வந்தாள். விளக்கம் சொன்னவர் முதல் இரண்டு வசனங்களை எங்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு ஓவியத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடுகள் மறைந்ததும் தங்கைக்குப் பேச்சும் மறைந்தது. எல்லோரும் சிரித்தபோது, என்ன சொன்னார் என்று கேட்டு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

இதை அவர்களின் தலைவிதி என்று விட்டுவிடக்கூடாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டிலேயே 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் 23ஆம் பிரிவு தெளிவானது: பொதுமக்கள் போய்வரும் எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும், அங்கே கட்டணம் அறவிட்டாலும் அறவிடாவிட்டாலும், ஒருவரின் இயலாமையைக் காரணம் காட்டி அவருக்குத் தடையோ நிபந்தனையோ விதிக்க முடியாது. துறைமுகத்தை அண்டிய டச்சுக் காலக் கட்டடத்தில் இயங்கும் கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று நூதனசாலையானாலும் சரி, மூன்று நாள் ஓவியக் கண்காட்சி நடக்கும் வாடகை மண்டபமானாலும் சரி, பொதுமக்களுக்குத் திறந்த இடமென்றால் இந்தப் பிரிவு அங்கே பேசும்.

சட்டம் உரிமையைச் சொன்னது. கட்டடம் எப்படி அமைய வேண்டும் என்பதை 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் சொல்லின. ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க மூன்று ஆண்டுகள் கொடுக்கப்பட்டு, அந்தக் காலம் பின்னர் நீடிக்கப்பட்டது. நீடித்த காலமும் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தாமும் சக்கர நாற்காலியில் இருந்தபடி இதற்காகப் போராடிய கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிதாக எழும் பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு அமையவே கட்டப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27ஆம் திகதி கட்டளையிட்டது.

சாய்தளம் என்று பெயருக்கு ஒரு பலகையைச் சரித்து வைப்பது போதாது. பொதுவாக ஏற்கப்பட்ட அளவு, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். 15 சென்ரிமீற்றர் உயரமான மூன்று படிகளுக்கு 5.4 மீற்றர் நீளச் சாய்தளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் பின்னால் ஒருவர் தள்ளியே ஆக வேண்டும்; அண்ணரைப் பொறுத்தவரை அதுவும் தூக்குவது போலத்தான்.

“இது பழம்பெரும் கட்டடம், கை வைக்க முடியாது” என்ற பதிலும் வரும். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் மாற்றம் செய்வதென்றால், 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவை. அனுமதி கேட்டார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. சுவரைத் தொடாமல் வைத்தெடுக்கக்கூடிய மரச் சாய்தளத்தைப் பற்றியும் கேளுங்கள்.

என் தங்கையின் நிலைமை வேறு. அவள் படியேறிவிட்டாள், ஆனால் கண்காட்சி அவளுக்குக் கிடைக்கவில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டமும் 2006ஆம் ஆண்டு விதிகளும் பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றியே பேசுகின்றன. இந்த இடைவெளியில் நமக்குக் கைகொடுப்பது மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம். இலங்கை இதை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆம் உறுப்புரை, நூதனசாலைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, பண்பாட்டு வாழ்வில் சமமாகப் பங்கெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. சைகை மொழிக்கும் செவிப்புலனற்றோர் பண்பாட்டுக்கும் அங்கீகாரம் கேட்கிறது. சமவாயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்காடுவது கடினம். ஆனால் அரசு ஒப்பமிட்ட வாக்குறுதி அது. கடிதத்தில் அதைத் தயங்காமல் எடுத்துக்காட்டுங்கள்.

எதைக் கேட்கலாம்? காணொளிகளுக்கு எழுத்துவரி, மாதத்தில் ஒரு நாளாவது சைகை மொழிபெயர்ப்பாளருடன் சுற்றிக்காட்டல், விளக்குபவர் பார்வையாளரை நோக்கி நின்று வெளிச்சத்தில் பேசுதல். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சதமும் செலவில்லை. நீண்ட எழுத்துப் பலகை வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சைகை மொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. சிறிய வசனங்களே அவருக்குப் பயன்படும். விழிப்புலனற்றோருக்கு, தொட்டுப் பார்க்கக்கூடிய மாதிரிகளைக் கேளுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நங்கூரத்தை வாயால் எவ்வளவு வர்ணித்தாலும் அதன் வளைவை விரல்தான் அறியும்.

முதலில் இடத்தைப் பொறுப்பேற்று நடத்துபவருக்குக் கடிதம் எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமானால் உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை நாடலாம். அரச நிறுவனமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மிகக் கூரிய கருவி. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். “அணுகல் வசதிக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு?” என்ற ஒரே கேள்வி, பத்து முறைப்பாடுகளைவிட ஆழமாகப் போகும்.

அதற்கும் அசையாவிட்டால், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மீறப்பட்டதென்று மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்ய அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு வழி தருகிறது. அரச நிறுவனம் பாகுபாடு காட்டியிருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள். உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அடிப்படை உரிமை மனுவுக்குரிய கால எல்லையும் ஒரு மாதம்தான். அதற்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிவானால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த எல்லைக்குள் கணக்கிடப்படாது. அதனால் போன திகதி, நேரம், படிகளின் எண்ணிக்கை, உடனிருந்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் அன்றிரவே குறித்து வையுங்கள். கடிதத்தை நேரில் கொடுத்தால், பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் திரும்பாதீர்கள்.