தோட்டா சிறுத்தது, காயம் சிறுக்கவில்லை

"துளை சின்னதுதானே டாக்டர், தையல் போட்டு அனுப்பிவிடலாமே?" ராணுவ மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ரைஃபிள் காயத்தில் துளையின் அளவை நம்பவே கூடாது. குண்டு மாறி வந்த விதம் அப்படி.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சுடப்பட்ட மினியே குண்டு வெறும் ஈயம், ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் பருமன். எலும்பில் பட்டால் சில்லு சில்லாக்கிவிடும். கை, காலை எடுப்பதைத் தவிர அன்றைய மருத்துவர்களுக்கு வழி இருக்கவில்லை. காயம் பெரிது, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது.

1884-இல் பிரான்சின் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். குண்டின் வேகம் வெகுவாகக் கூடியது. அந்த வேகத்தை மெத்தென்ற ஈயம் தாங்காது என்பதால் மேலே உலோக உறை வந்தது, பருமன் 8 மில்லிமீட்டருக்கு இறங்கியது. உறையுள்ள குண்டு எதிரியைத் துளைத்துப் போய்விடுகிறது, நிறுத்துவதில்லை என்று ஆங்கிலேயர் குறைபட்டார்கள். கல்கத்தா அருகே டம்டம் தொழிற்சாலையில் குண்டின் மூக்கில் உறையைத் திறந்துவிட்டார்கள். உடலுக்குள் மலர்ந்து விரியும் அந்த வகையை 1899 ஹேக் பிரகடனம் போரில் தடை செய்தது. வேட்டைத் தோட்டாக்களுக்கு அந்தத் தடை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் கூர்முனை வந்தது. கூர்முனைக் குண்டுக்குக் கனம் பின்பக்கம். சதைக்குள் போனதும் நிலை தடுமாறிக் குறுக்காகப் புரளும். 1960-களில் அமெரிக்காவின் எம்-16 ரைஃபிளோடு பரவிய 5.56 மில்லிமீட்டர் குண்டின் எடை 4 கிராம்கூட இல்லை; வேகமோ நொடிக்குக் கிட்டத்தட்ட 1000 மீட்டர். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். கிட்டத்தில் சுட்டால் அது புரளும்போதே உடைந்து சிதறவும் செய்யும். ஓடும் படகுக்கு இருபுறமும் தண்ணீர் விலகுவதுபோல் சதை ஒரு கணம் விலகி மூடிக்கொள்ளும். நுரையீரல் அதை ஓரளவு தாங்கும், கல்லீரல் பிளந்துவிடும்.

தொடையில் பட்டாணி அளவு துளை இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே சதை கறுத்துக் கிடக்கும். இடுக்கியால் கிள்ளினால் துடிக்காது, வெட்டினால் ரத்தம் வராது. அது செத்த சதை, முழுக்க எடுத்தாக வேண்டும். எடுத்த பிறகும் உடனே தைக்கமாட்டோம். நான்கைந்து நாள் திறந்தே வைத்து, சுத்தமாக இருந்தால்தான் மூடுவோம். உடனே தைத்தால் உள்ளே சீழ் பிடிக்கும், வாயு அழுகல்கூட (கிருமியால் சதைக்குள் வாயு சேர்ந்து அழுகுவது) வரலாம். சூட்டில் குண்டு கிருமியற்றுப் போகும் என்பதும் தவறு. அதை 1890-களிலேயே அமெரிக்க ராணுவ மருத்துவர் லூயிஸ் லகார்ட் சோதனை செய்து காட்டிவிட்டார்.

பக்கத்தில் இருப்பவர்கள் துளைக்குள் விரலோ கருவியோ விட்டுக் குண்டைத் தேடாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கை, காலில் ரத்தம் நிற்காவிட்டால் காயத்தின் மீது அல்ல, அதற்கு மேலே உடம்பை நோக்கிய பக்கத்தில் அகலத் துணியை இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். வேறு துளை இருக்கிறதா என்று புரட்டி முதுகுப் பக்கத்தையும் பாருங்கள். போலீஸ் வரட்டும் என்று எந்த மருத்துவமனையும் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. 1989-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உள்ளே தங்கிய குண்டை எல்லா நேரமும் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மூட்டுக்குள் இருந்தால் எடுத்தே ஆகவேண்டும். மூட்டு நீரில் ஈயம் மெல்லக் கரைந்து ரத்தத்தில் சேரும். அப்படி மூட்டில் குண்டோடு பல வருடமாக இருப்பவர்கள் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.