சி.ஆர்.பி. கூடினால் நாள் எண்ண வேண்டியதில்லை

இரைப்பை, பெருங்குடல், கணையம் என்று செரிமான உறுப்புகளில் புற்றுநோய் வந்தவர்களின் வீட்டில் யாராவது ஒருவர் ரத்த ரிப்போர்ட்டை வரிவரியாகப் படிப்பவராக இருப்பார். படிக்கட்டும், நல்லதுதான். ஆனால் சமீபகாலமாக சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம்), நியூட்ரோஃபில், லிம்போசைட் (இரண்டும் வெள்ளையணு வகைகள்) எண்களை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, ஆயுசுக்கே கெடு வைத்தாயிற்று என்ற முகத்தோடு வருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பயம் முழுக்க ஆதாரமில்லாதது என்றும் சொல்ல முடியாது. கட்டித் திசுவுக்குள் வெள்ளையணுக்கள் இருப்பதை 1863இலேயே ருடால்ஃப் விர்கோவ் கவனித்திருக்கிறார். கட்டியும் அதைச் சூழ்ந்த அணுக்களும் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற பொருட்களை ரத்தத்தில் விட, கல்லீரல் சி.ஆர்.பி.யை அள்ளிச் சுரக்கிறது, அல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதம் சரிகிறது. நியூட்ரோஃபில்கள் கூடுகின்றன. புற்றணுக்களைத் தாக்க வேண்டிய லிம்போசைட்டுகள் குறைகின்றன. இப்படி உடம்பு முழுக்க அழற்சி பரவியவர்களுக்குப் பசி போகும், தசை கரையும், சிகிச்சையைத் தாங்கும் தெம்பும் குறையும். ஒரே நிலையில் நோய் உள்ள பலரை ஒப்பிட்டால், இந்த எண்கள் மோசமாக இருப்பவர்களுக்குச் சராசரியாகப் பலன் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதை அளக்கும் எளிய வழி, திருத்தப்பட்ட கிளாஸ்கோ மதிப்பெண். சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை இருந்தால் 0. அதைத் தாண்டினால் 1. தாண்டியதோடு அல்புமினும் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழே போனால் 2. மதிப்பெண் கூடினால் நிலைமை மோசம் என்று பொருள். சில லேப்கள் சி.ஆர்.பி.யை டெசிலிட்டர் கணக்கில் தருவார்கள், அப்போது எண் பத்தில் ஒரு பங்காகத் தெரியும். அலகைப் பார்க்காமல் இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை ஒப்பிட்டு வீணாகப் பதறியவர்கள் உண்டு.

இன்னொன்று நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்து வரும் விகிதம். தனிச் செலவில்லை, சாதாரண ரத்த அணு எண்ணிக்கையிலேயே கிடைத்துவிடும். ஆனால் எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு; சிலர் 2.5 என்பார்கள், சிலர் 5 என்பார்கள்.

பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவரின் மகன், போனில் கணக்குப் போட்டுக் காட்டினார். நியூட்ரோஃபில் 78, லிம்போசைட் 13. “ஆறு வருது டாக்டர். அஞ்சுக்கு மேல போனாலே மோசம்னு போட்டிருக்கே?” ரத்தம் எடுத்தது எப்போது என்று கேட்டேன். கீமோ ஏற்றிய மறுநாள். வாந்தி வராமலிருக்க முதல் நாள் டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருந்தார்கள். அந்த ஸ்டீராய்டு சில மணி நேரத்திலேயே நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கிவிடும். அந்த ஆறை வைத்து நோயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அடுத்த சுற்றுக்கு முன்பு எடுத்த ரத்தத்தில் விகிதம் இறங்கியிருந்தது.

ஸ்டீராய்டு மட்டுமில்லை. வெள்ளையணு ஏற்றும் ஊசி, சளிக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, அண்மையில் செய்த அறுவை என எதுவும் இந்த எண்களைப் புரட்டிப் போடும். கணையப் புற்றில் பித்தக்குழாய் அடைத்துத் தொற்றினால் சி.ஆர்.பி. எகிறும். அதற்குச் செய்ய வேண்டியது அடைப்பை நீக்குவதும் ஆன்டிபயாடிக்கும்தான். கூடிய எண்ணைப் பார்த்ததும் ‘நோய் முற்றிவிட்டது’ என்று முடிவு கட்டினால், சரிசெய்யக்கூடிய ஒன்றைக் கோட்டைவிடுவோம். இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

குடல் அறுவைக்குப் பிறகு சி.ஆர்.பி. வேறு வகையில் கைகொடுக்கும். இரண்டு, மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்குவது வழக்கம். இறங்காமல் நின்றாலோ திரும்ப ஏறினாலோ, தைத்த இடத்தில் கசிவோ தொற்றோ இருக்கிறதா என்று தேடுவோம்.

அப்புறம், புற்றுநோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இவை உதவாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, விழுங்குவதில் சிரமம் இருப்பவருக்கு சி.ஆர்.பி. இயல்பாக வந்தாலும் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சையைத் தீர்மானிப்பது பயாப்ஸியும் ஸ்கேனும் நோயின் நிலையும் நோயாளியின் உடல் திடமும்தான்.

மருத்துவரிடம் போகும்போது கடைசி ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப்போகாமல் பழையவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் எடுத்த அன்று காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து உள்ளே போயிருந்தது என்பதை ஓரத்தில் குறித்துவையுங்கள். சாப்பாடு எவ்வளவு இறங்குகிறது, எடை எவ்வளவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்புமின் குறைந்திருக்கிறதே என்று பேச்சு வரும்போது நாங்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.