கழற்றினால் பார்ட், அறுத்தால் பீஸ்

பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்றை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் எடுத்துத் திருகுகளைக் கழற்றி, எழுத்துக் கம்பிகள், உருளை, ரிப்பன் சுற்றும் சக்கரம், ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாக மேசையில் பரப்பலாம். அல்லது ஹேக்ஸா பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கண்ட இடத்தில் அறுத்துப் போடலாம். எப்படிச் செய்தாலும் கடைசியில் மேசைமேல் கிடப்பது அதே இரும்புதான், ஏறக்குறைய அதே எடைதான். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் முதல் குவியலைப் பார்ட்ஸ் என்பார், இரண்டாவதைப் பீஸஸ் என்பார். மாற்றிச் சொல்ல அவருக்கு வாய் வராது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சொற்பொருளியல் அறிஞர் டி. ஏ. குரூஸ், 1986இல் வெளியான தன் நூலில் இந்த இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்ட எடுத்துக்கொண்ட உதாரணம் இது.

முழுப் பொருளைவிடச் சிறியது, அதிலிருந்து வருவது என்பது இரண்டுக்கும் பொது. அளவை வைத்துப் பிரிக்கவும் முடியாது. வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. பார்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அந்தப் பொருளிலேயே இருக்கிறது. யார் கழற்றினாலும் அதே உருளைதான் வரும். பீஸின் எல்லையோ அறுத்தவர் கையைப் பொறுத்தது. அடுத்து, பார்ட்டுக்கு முழுப் பொருளுக்குள் ஒரு வேலை உண்டு. அறுத்தெடுத்த துண்டுக்கு அப்படி எதுவும் கிடையாது; பாதி உருளையும் கால்வாசிச் சட்டமும் ஒட்டிக்கொண்டு வரலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பீஸ், பீஸ் ஆக வேண்டுமென்றால் அது ஒரு காலத்தில் அந்த முழுப் பொருளோடு ஒட்டி இருந்திருக்க வேண்டும். கண்ணாடித் துண்டு என்றால் எங்கோ ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. பார்ட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தொழிற்சாலையில் செய்து, அட்டைப் பெட்டியில் அடைத்து, கடை அலமாரியில் தூங்கும் பிரேக் ஷூ இதுவரை எந்த வண்டியையும் பார்த்ததில்லை. ஆனாலும் அது வண்டியின் பார்ட்தான். அதனால்தான் ஸ்பேர் பார்ட் என்று ஒன்று இருக்க முடிகிறது. 'ஸ்பேர் பீஸ்' என்று வண்டிக்கடையில் கேட்டால் கடைக்காரர் முழிப்பார். பார்ட்டாக இருப்பதற்கு முழுப் பொருளில் ஓர் இடம் காத்திருந்தால் போதும். பீஸாக இருப்பதற்கு ஒரு பிரிவு நடந்து முடிந்திருக்க வேண்டும்.

இந்த நுட்பம் ஆங்கில இலக்கணம் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல. இரண்டு சொற்களையும் கடனாக வாங்கிய தமிழ்நாட்டுப் பேச்சு, வித்தியாசத்தையும் சேர்த்தே வாங்கியிருக்கிறது. மெக்கானிக் கடையில் பார்ட்ஸ் மாற்றுகிறார்கள். கீழே விழுந்த போன் பீஸ் பீஸாகிறது. பிரியாணிக் கடையில் லெக் பீஸ் கேட்கிறோம். கோழி உயிரோடு நடக்கும்போது கால் அதன் உறுப்பு. தட்டுக்கு வந்தபின் அதற்கு நடக்கிற வேலை இல்லை, வெட்டுப்பட்ட கதை மட்டும் இருக்கிறது. அதனால் லெக் பீஸ். 'லெக் பார்ட்' என்று யாரும் கேட்பதில்லை.

திருப்பூரில் பனியன் தைப்பவருக்குப் பீஸ் ரேட் கூலி. அங்கே பீஸ் என்பது முழு பனியன். எதிலிருந்தும் அறுபட்டதல்ல. ஆங்கிலத்தில் மேசை நாற்காலியை எண்ணும்போதும் சதுரங்கக் காய்களைச் சொல்லும்போதும் இதே பீஸ் வரும். இது அந்தச் சொல்லின் இன்னொரு முகம்: மொத்தமாகப் பேசப்படும் ஒன்றை எண்ணுவதற்கான அலகு. பார்ட்டுக்கும் இப்படி ஒரு கிளை உண்டு. 'சுவரில் ஒரு பகுதிக்கு வெள்ளையடித்தாச்சு' என்கிறோமே, அந்தப் பகுதிக்கு மூட்டும் கிடையாது, தனி வேலையும் கிடையாது. ஆங்கிலத்தில் அதற்கும் பார்ட்தான். ஆனால் முன்னால் 'எ' (a) என்ற ஆங்கிலச் சொல்லைப் போடாமல் சொல்வதே அங்கே வழக்கம். சரி, இந்தக் கிளைகளை விட்டுவிட்டு நடுத்தண்டுக்கே வருவோம்.

ஒரே பொருள் இரண்டுமாக இருக்க முடியுமா? முடியும். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர், பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தர வரைபடங்களை மரப்பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகள் வழியாக அறுத்து விற்றார். ஜிக்சா புதிரின் தொடக்கம் அது. கையில் எடுத்த ஒவ்வொரு மரத்துண்டும் ஒரு நாடு. அறுத்த கோடும் உண்மையான எல்லையும் ஒன்றாகவே ஓடின. பின்னால் வந்த படப் புதிர்களில் ரம்பம் மலையையும் மாட்டையும் கவனிக்காமல் வளைந்து வளைந்து ஓடியது. அங்கே மிஞ்சியது வெறும் துண்டு.

ரம்பம் எந்தக் கோட்டில் ஓடுகிறது என்பது உயிர் காக்கும் கேள்வியாவது கல்லீரல் அறுவை அரங்கில். வெளியிலிருந்து பார்த்தால் கல்லீரல் மழமழவென்ற ஒரே கட்டி. பெரிய பிளவு ஒன்றிரண்டைத் தவிர மூட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. 1950களில் பிரெஞ்சு மருத்துவர் குளோட் குயினோ அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்களையும் பித்தக் குழாய்களையும் பின்தொடர்ந்து பார்த்து, அதை எட்டுக் கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கூறுக்கும் ரத்தம் வரத் தனிக் கிளை, பித்தம் வெளியேறத் தனிக் கிளை. ஒன்றை எடுத்துவிட்டாலும் பக்கத்துக் கூறு தன்பாட்டுக்கு வேலை செய்யும்.

இந்த வரைபடம் கையில் இல்லாமல் கல்லீரலை அறுப்பது ஹேக்ஸா வேலை. நடுவில் போகும் குழாய் அறுபட்டால் மிச்சமிருக்கும் திசுவும் ரத்தமில்லாமல் சாகும். வரைபடத்தோடு அறுத்தால் வெளியே வருவது தானாக இயங்கக்கூடிய உறுப்பு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 1989இல் ரஸ்ஸல் ஸ்ட்ராங் தலைமையிலான குழு, உயிரோடிருக்கும் ஒரு தாயின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அவர் மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டது. இன்று இந்த வகை அறுவைக்குப் பிறகு கொடுத்தவர் உடலில் மிச்சமிருப்பதும் பெற்றவர் உடலில் பொருத்தியதும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேவையான அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. துண்டாக எடுத்தது முழு உறுப்பின் வேலைக்குப் போய் அமர்ந்துவிடுகிறது! பயாப்ஸிக்காக ஊசியால் எடுக்கும் இத்தனூண்டு திசுவும் அதே கல்லீரலிலிருந்து வருவதுதான். அதற்கு மைக்ராஸ்கோப்புக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

கல்லீரலில் மூட்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன். மற்ற பொருள்களில் எப்படித் தெரிகிறது? பெயரே தெரியாத ஒரு கருவியைக் காட்டினால்கூட, இது பிடி, இது உடல், இது மூக்கு என்று கண் பிரித்துவிடுகிறது. கண் எப்படிப் பார்க்கிறது என்று ஆராய்ந்த டொனால்ட் ஹாஃப்மனும் விட்மன் ரிச்சர்ட்ஸும் 1984இல் இதற்கு ஒரு விதியை முன்வைத்தார்கள். இரண்டு வடிவங்கள் சேரும் இடத்தில் பெரும்பாலும் உள்நோக்கிய மடிப்பு விழும். விரலும் விரலும் சேரும் இடுக்கு, தலையும் தோளும் சேரும் கழுத்து, செம்பின் வாயும் வயிறும் சேரும் இடம் எல்லாம் அப்படித்தான். மூளை அந்த உள்மடிப்புகளைப் பார்த்து, 'இங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது' என்று கோடு போட்டுக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து.

1987இல் உளவியலாளர் இர்விங் பீடர்மன் இதைச் சோதித்த விதம் அழகானது. அன்றாடப் பொருள்களின் கோட்டோவியங்களில் கோடுகளை ஆங்காங்கே அழித்தார். நீளமான கோட்டின் நடுவில் அழித்தபோது பார்த்தவர்கள் பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உள்மடிப்பு இருக்கும் இடங்களில் அழித்தபோது பெரும்பாலும் தடுமாறிப் போனார்கள். அழிந்தது கொஞ்சமா நிறையவா என்பதைவிட எங்கே அழிந்தது என்பதுதான் பார்ப்பவரை வீழ்த்தியது. மூட்டு போனால் பார்ட்ஸ் போய்விடுகின்றன. கண்ணுக்கு மிஞ்சுவது கோட்டுத் துண்டுகள்.

இவ்வளவு ஆழத்தில் ஊறிய வித்தியாசம் என்றால் சின்னக் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டுமே? இங்கே ஒரு விநோதம் இருக்கிறது. எலிசபெத் ஷிப்லியும் பார்பரா ஷெப்பர்சனும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளிடம் சில முள்கரண்டிகளைக் காட்டி எண்ணச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது. பல குழந்தைகள் உடைந்த இரண்டு துண்டுகளையும் தனித்தனி முள்கரண்டியாக எண்ணினார்கள். பெரியவர்கள் அப்படி எண்ணுவதில்லை. குழந்தைக்கு எண்ணத் தெரியாமல் போகவில்லை, கணக்கு சுத்தமாக இருந்தது. எது ஒன்று என்பதில்தான் சிக்கல். தனியாகக் கிடக்கும் எதுவும் அவர்களுக்கு 'ஒன்று'.

அதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அகழாய்வுக் குழியில் நிற்கும் பெரியவர்களுக்கும் இதே சிக்கல்தான். சிவகங்கை மாவட்டத்துக் கீழடி போன்ற இடங்களில் பானை ஓடுகள் குவியல் குவியலாக வருகின்றன. ஒரு குழியில் ஆயிரம் ஓடு கிடைத்தால் அங்கே எத்தனை பானை இருந்தது? ஓட்டை எண்ணிப் பயனில்லை. ஒரு பானை ஐந்தாகவும் உடையும், ஐம்பதாகவும் உடையும். மெல்லிய பானை அதிகத் துண்டாகும், மிதிபட்ட ஓடு மேலும் நொறுங்கும். பீஸ்களின் எண்ணிக்கை உடைந்த விதத்தைச் சொல்லுமே தவிர, பானையைப் பற்றி நேராக எதுவும் சொல்லாது.

ஆகவே தொல்லியலாளர்கள் துண்டுகளுக்குள் பார்ட்டைத் தேடுகிறார்கள். ஓடுகளைக் கழுவிக் காயவைத்து முதலில் விளிம்பு, அடி, உடல் என்று பிரிப்பார்கள். விளிம்பு ஓடுகளுக்குத் தனி மரியாதை. ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்த தாளின்மேல் விளிம்பு ஓட்டை நிறுத்தி, அதன் வளைவு எந்த வட்டத்தோடு பொருந்துகிறது என்று நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். பொருந்திய வட்டம் பானை வாயின் அகலத்தைச் சொல்லும். அந்த வட்டத்தில் எத்தனை சதவீதத்தை ஓடு மறைக்கிறது என்பதையும் அதிலேயே படித்துவிடலாம். முழு வாயில் 20 சதவீதம் என்றால் அது 0.2 பானை. ஒரே வகைப் பானையின் விளிம்புகளை இப்படிக் கூட்டி மொத்தம் 300 சதவீதம் வந்தால், மூன்று பானைகளுக்குச் சமமான வாய் அங்கே கிடைத்திருக்கிறது. எத்தனை துண்டாக உடைந்திருந்தாலும் ஒரு பானைக்கு வாய் ஒன்றுதான். அதனால் இந்தக் கணக்கு உடைசலால் குழம்புவதில்லை.

எலும்புகளிலும் இதே வழிதான். குழியில் கிடைத்த எலும்புத் துண்டுகளில் ஆட்டின் இடது தொடையெலும்பின் மேல்முனை ஏழு கிடைத்தால், அங்கே குறைந்தது ஏழு ஆடு இருந்திருக்க வேண்டும். ஓர் ஆட்டுக்கு இடது தொடை ஒன்றுக்கு மேல் கிடையாது. அதே குழியில் அடையாளம் தெரியாத எலும்புச் சிதறல் நூறு கிடந்தாலும், ஆடுகளின் எண்ணிக்கையில் அது ஒன்றைக்கூடக் கூட்டுவதில்லை.