காசநோய் மாத்திரையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை

காசநோய் மருந்து ஆரம்பித்த ஓரிரு நாளிலேயே, "ஒண்ணுக்கு செவப்பா போவுது டாக்டர், ரத்தமா?" என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் உள்ளே போனால் சிறுநீர் ஆரஞ்சாகும், கண்ணீர்கூட நிறம் மாறும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் கண் மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல் வாந்தியும் வந்தால் உடனே வர வேண்டும்; அது கல்லீரல் விஷயம். இரண்டையும் முதல் நாளே சொல்ல ஒரு நிமிடம் போதும். நாம் சொன்னபடியே நடப்பதைப் பார்த்தவர், அடுத்து சொல்வதையும் நம்புவார்.

நம் ஓபி வரிசையில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் "சரி டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். பின்னால் நிற்கிற கூட்டம் அப்படி. அதற்குப் பதிலாக, "வீட்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு மாசம் சாப்பிட்டா முடிஞ்சுது" என்று பதில் வரும். முதல் 2 மாதம் 4 மருந்து, அடுத்த 4 மாதம் 3 மருந்து என்று நாம் சொன்னதில் முதல் பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. சில வாரங்களில் இருமல் குறைந்து பசியும் எடுப்பதால், நோய் போய்விட்டது என்றே நினைத்துவிடுவார். கிருமி அதற்குள் முழுதாகச் சாவதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர் கரை திரும்பப் பல நாள் ஆகும். அவரிடம் "தினமும் சாப்பிடுங்க" என்பது பாதிப் பேச்சுதான். மாத்திரை அட்டையை நனையாமல் எங்கே வைப்பார், கூட வருகிறவர்களுக்கு நோய் தெரியுமா என்று கேட்க வேண்டும். தெரியக் கூடாது என்றால் மறைத்துச் சாப்பிட வழி யோசிக்க வேண்டும். இதை வரிசைக்கு முன்னால் சத்தமாகக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டில் நோயாளியின் தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பது இன்னும் நடக்கிறது. இந்த நோய் இருமும்போது காற்றில் பரவுவது, பாத்திரத்தால் அல்ல. 1956-இல் நம் சென்னையில் தொடங்கிய ஆய்வே வீட்டுச் சிகிச்சையையும், காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்துத் தரும் சானடோரியச் சிகிச்சையையும் ஒப்பிட்டு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டதால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று காட்டியது. நோயாளி சம்மதித்தால், அவருடைய மாமியாரையும் உள்ளே கூப்பிட்டு இதைச் சொல்வேன்.

மாத்திரை விட்டுப்போனதற்குத் திட்டினால் அடுத்த தடவை பொய்தான் வரும். "கடைசியா எந்த நாள் விட்டுப்போச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டால் நாளையும் சொல்வார்கள், காரணத்தையும் சொல்வார்கள். பெரும்பாலும் குடி, வேலை, வாந்தி. வாந்திக்காவது அன்றைக்கே வழி செய்யலாம்.