கொக்கியில் இறங்கும் எடை

"வண்டி 1500 கிலோ இழுக்கும், என் கேரவன் 1200தானே?" கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீட்டை, பூட்டுவதற்காக இழுவைக் கொக்கி மாட்ட வருகிறவர்கள் பலரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சரிதான். நான் கேட்பது வேறு எண். கேரவனின் மூக்கு, அதாவது காரோடு பூட்டும் முன்முனை, காரின் கொக்கியை எத்தனை கிலோ அழுத்துகிறது?

ஒருவர் வெளிறிப்போய் வந்தார். பெரிய லாரி ஒன்று முந்தியதும் கேரவன் பாம்பு போல நெளிந்ததாம். பயணச் சாமான்களை அவர் இன்னும் இறக்கவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. கேரவனை மட்டமாக நிறுத்தி, உடல் எடை பார்க்கும் மெஷின்மேல் கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை வைத்து, மூக்கை மெல்ல இறக்கினோம். 32 கிலோ.

ஐரோப்பிய வகைக் கேரவன்களுக்கு, சாமான் ஏற்றிய எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 1200 கிலோவுக்கு 60 முதல் 84. இவருக்கு அதில் பாதிதான், கேரவன் நெளிந்தது இதனால்தான். பின்புறம் இரண்டு சைக்கிள், கடைசி அலமாரியில் கூடாரம். அச்சுக்குப் பின்னால் ஏற்றும் ஒவ்வொரு பொருளும் மூக்கைத் தூக்கும், சீசா பலகை விளையாட்டுதான்.

கூடாரத்தை அச்சுக்கு மேலே தரையில் வைத்தோம். சைக்கிள்கள் கார் கூரைக்குப் போயின, கூரை தாங்கும் அளவைப் பார்த்த பிறகு. மறுபடி எடை பார்த்தால் 69.

அப்படியானால் 84 வரை போகலாமா? கூடாது. அவர் காரின் வரம்பு 75, கொக்கித் தகட்டில் குறித்திருப்பது 80, கேரவனுக்கு 100. மூன்றில் சிறியதுதான் செல்லும். அதற்கு மேல் போனால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் லேசாகும். பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 75 கிலோ தொங்கினால், இரண்டரை மீட்டர் அச்சு இடைவெளி உள்ள காரில் முன் சக்கரங்கள் 30 கிலோ இழக்கும், பின் அச்சில் 105 கிலோ ஏறும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் முன் சக்கரங்களைத்தானே நம்பியிருக்கின்றன? கொக்கி எடையைக் காரின் சுமைக் கணக்கிலும் சேர்க்க வேண்டும். இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஓடும்போது நெளிய ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகம் கூட்டி நிமிர்த்தப் பார்க்கவும் வேண்டாம்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாமா?" 40 லிட்டர் தொட்டி, அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால். அச்சிலிருந்து கொக்கி நாலு மீட்டர். அப்படியென்றால் மூக்கில் 10 கிலோ கூடி 79 ஆகும். போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளச் சொன்னேன்.