அமெரிக்க ஈ.டி.எஃப். தரும் டிவிடெண்ட்: விதியும் கணக்கும்

அமெரிக்காவில் பங்குகளை வைத்திருக்கும் ஈ.டி.எஃப்.கள் (சந்தையில் பங்கு போலவே வாங்கி விற்கப்படும் நிதியங்கள்) தமக்கு வந்து சேரும் டிவிடெண்டை, அதாவது நிறுவனங்கள் தரும் லாபப் பங்கை, யூனிட்தாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்கு அந்நாட்டு வரிச் சட்டமே காரணம். அச்சட்டத்தின் 852ஆம் பிரிவின்படி, ஆண்டு வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தை வழங்கும் நிதியம், வழங்கிய தொகைக்குத் தன் மட்டத்தில் வரி கட்ட வேண்டியதில்லை. சாதாரண வருமானத்தில் 98 சதவீதத்தை அந்த நாட்காட்டி ஆண்டுக்குள்ளேயே வழங்காவிட்டால், குறைபட்ட தொகைக்கு 4 சதவீதத் தீர்வை தனியே விழும். டிசம்பர் டிவிடெண்ட் பல நிதியங்களில் கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1993இல் தொடங்கி இன்றும் வர்த்தகமாகும் எஸ்.பி.ஒய். என்ற ஈ.டி.எஃப்.பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் சுமார் 500 பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட எஸ் அண்டு பி 500 குறியீட்டைப் பின்பற்றும் இது, மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் மூன்றாம் வெள்ளியை எக்ஸ்-டிவிடெண்ட் நாளாக (அன்றோ பிறகோ வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காத நாளாக) வைத்து, பணத்தை அடுத்த மாத இறுதியில் தருகிறது. டிசம்பரில் அறிவித்த தொகை ஜனவரியில்தான் கைக்கு வரும். ஆனால் அமெரிக்க வரிக் கணக்கில் அது முந்தைய ஆண்டின் வருமானமாகவே கொள்ளப்படும். கணக்கு எழுதுபவர்கள் பலமுறை தடுமாறும் இடம் இது.

2024இல் இந்த ஈ.டி.எஃப். ஒரு யூனிட்டுக்கு வழங்கிய தொகை, காலாண்டு வரிசைப்படி, ஏறத்தாழ 1.59, 1.76, 1.75, 1.97 டாலர், மொத்தம் 7.07 டாலர். ஆண்டு முடிவில் விலை சுமார் 586 டாலர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.2 சதவீதம் வரும். கடந்த 12 மாதத் தொகையைக் கொண்டு போடும் டிவிடெண்ட் யீல்டு (விலையில் டிவிடெண்ட் எத்தனை சதவீதம் என்ற அளவு) இதுவே. சில இணையதளங்கள் கடைசியாக வந்த தொகையை மட்டும் நான்கால் பெருக்கிக் கணக்கிடுகின்றன. அதே விலைக்கு டிசம்பர் தொகையை அப்படிப் பெருக்கினால் 1.34 சதவீதமும், மார்ச் தொகையைப் பெருக்கினால் 1.09 சதவீதமும் வரும். ஆகவே இரண்டு ஈ.டி.எஃப்.களை ஒப்பிடும் முன், இரண்டு எண்களும் ஒரே முறையில் போடப்பட்டவையா என்று பார்ப்பது அவசியம். அதற்கென்றே பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி. ஒரு சூத்திரத்தை வகுத்துள்ளது; அது கடந்த 30 நாள் நிகர வருமானத்தை, செலவு போக, ஆண்டுக்கணக்காக மாற்றிக் காட்டும். பாண்டு (கடன் பத்திர) நிதியங்களுக்கு நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

வகுக்கும் எண் விலை என்பதால், விலை பாதியாகச் சரிந்தால், வழங்கும் தொகை மாறாமலே யீல்டு இரட்டிப்பாகத் தெரியும். திடீரென்று ஏறிய யீல்டைக் கண்டு மகிழ்வதற்கு முன், விலை வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எக்ஸ்-டிவிடெண்ட் நாளன்று வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் இல்லை. குறைந்தது முந்தைய வர்த்தக நாளிலேயே வாங்கியிருக்க வேண்டும். 2024 மே 28 முதல் அமெரிக்காவில் பங்குப் பரிவர்த்தனை மறுநாளே முடிந்துவிடுவதால், எக்ஸ்-டிவிடெண்ட் நாளும் டிவிடெண்ட் பெறுவோர் பட்டியலை முடிவு செய்யும் ரெக்கார்ட் தேதியும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. அன்று காலை யூனிட்டின் மதிப்பிலிருந்து அத்தொகை கழிந்துவிடுகிறது என்பதால், டிவிடெண்டுக்காகவே முந்தின நாள் ஓடிப்போய் வாங்குபவருக்கு மிஞ்சுவது வரி மட்டுமே.

ஆப்ஷன் பிரீமியத்தை (பங்கைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ பிறருக்கு உரிமை தந்து பெறும் கட்டணத்தை) நம்பி மாதாமாதம் பெருந்தொகை தரும் ஈ.டி.எஃப்.களில் இன்னும் கவனம் தேவை. அவற்றில் வருவது சில வேளைகளில் நம்முடைய சொந்த முதலே. வருமானமல்லாத மூலத்திலிருந்து பணம் தரும் நிதியம், அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1940ஆம் ஆண்டு முதலீட்டு நிறுவனச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அறிவிப்பை அவசியம் படிக்க வேண்டும். இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021 ஏப்ரல் முதல் மியூச்சுவல் ஃபண்டுகளின் ‘டிவிடெண்ட்’ தெரிவை ‘வருமானமும் மூலதனமும் பகிர்ந்தளிப்பு’ என்று பெயர் மாற்றச் செய்ததும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

இந்தியாவிலிருந்து இவற்றை வாங்கும் தனிநபருக்கு, இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி டிவிடெண்டில் 25 சதவீதம் அங்கேயே பிடிக்கப்படும். மேலே கண்ட 1.2 சதவீதம், கைக்கு வரும்போது 0.9 ஆகியிருக்கும். இங்கே முழு டிவிடெண்டையும் வருமானமாகக் காட்டி, அவரவர் வரி வரம்புப்படி கணக்கிட்ட பின், அங்கே பிடித்த வரிக்கு உரிய கழிவை இங்கே கட்டும் வரியில், அதற்கான படிவத்தைத் தாக்கல் செய்து கோரலாம்.